கறுப்புத் திரை வந்தால் உடனே லேப்டாப்பின் மதர்போர்டை மாற்றாதீர்கள்

மே மாதக் கடைசி. சென்னை காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, அதனால் கீழ்வீட்டு அண்ணனுக்கு வருமானம் இல்லை. அந்த நேரம் பார்த்து அவர் மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தான். "சித்தப்பா, போர்டு போச்சாம். கடையில 7,000 கேக்குறாங்க."

காலேஜுக்காகப் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அவனே போட்டிருக்கிறான். ஆன் செய்தால் கம்பெனி லோகோ தெளிவாக வருகிறது, அப்புறம் கறுப்புத் திரை, ஃபேன் மட்டும் ஓடுகிறது. கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்த்தேன், விளக்கு எரிந்து அணைந்தது. லோகோ தெரிகிறது, கீபோர்டு பதில் சொல்கிறது என்றால் போர்டு செத்துவிட்டது என்று எப்படி முடிவு செய்வது? எனக்கு அது பொறுக்கவில்லை.

அந்த லேப்டாப்பில் இன்டெல் கிராபிக்ஸோடு தனியாக என்விடியா கிராபிக்ஸ் கார்டும் இருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுந்ததும் திரையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். என்விடியா கார்டுக்கு அப்போது நுவோ என்ற திறமூல டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வரும். அதற்கும் சில கார்டுகளுக்கும் ஒத்துப்போகாது, அந்த இடத்தில் நின்றுவிடும்.

லோகோ வந்ததும் எஸ்கேப்பை ஒரு முறை தட்டினால் எதை இயக்குவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். உபுண்டு என்ற வரியில் நின்று ஆங்கில 'ஈ' (e) எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில், 'கொயட் ஸ்பிளாஷ்' என்பதற்குப் பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் (nomodeset, திரையைக் கெர்னல் தன் கைக்கு எடுக்க வேண்டாம் என்று பொருள்) என்று ஒரே சொல்லாக, சின்ன எழுத்தில் அடித்து எஃப்10 அழுத்தினோம். டெஸ்க்டாப் வந்துவிட்டது! எழுத்தெல்லாம் பெரிதாக, மங்கலாகத்தான் இருந்தது, ஆனால் வந்தது. இதையே நிரந்தரமாக எழுதி வைத்துவிடாதீர்கள், இன்டெல் கிராபிக்ஸும் முடங்கி எல்லாம் மந்தமாகிவிடும். உள்ளே போய் என்விடியா டிரைவர் போடுவதற்கான வழி மட்டும்தான் அது.

'அடிஷனல் டிரைவர்ஸ்' பக்கத்தில் டிரைவரைப் போட்டோம். சாவி பதிவான டிரைவரை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆனில் இருந்ததால் ஒரு பாஸ்வேர்டு கேட்டது. ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும், 10 வினாடிதான் நிற்கும், அதற்குள் ஒரு கீயைத் தட்டி அந்தச் சாவியைப் பதியும் 'என்ரோல் மோக்' கொடுத்து அதே பாஸ்வேர்டைப் போட வேண்டும். நாங்கள் பேசிக்கொண்டே விட்டுவிட்டோம். திரும்பவும் கறுப்பு. மறுபடி நோமோட்செட், உள்ளே போய் மோக்யூட்டில் (mokutil) என்ற கட்டளையால் சாவியைப் பதியச் சொல்லி, இந்த முறை இருவரும் கண் இமைக்காமல் காத்திருந்தோம். சரியாகிவிட்டது.

லோகோவிலேயே கோடு கோடாக வந்தாலோ ஒன்றுமே தெரியாவிட்டாலோ கதை வேறு, அது ஹார்டுவேர், கடைக்குத்தான் போக வேண்டும்.

போன வாரம் கெர்னல் அப்டேட் வந்து மறுபடி கறுப்பு. அவனே கிரப்பில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலில் நுழைந்துவிட்டு, அப்புறம்தான் எனக்குப் போன் செய்தான்.