ரியர் செட் போட்டதும் கியர் ஏன் தலைகீழாகிறது?

கபே றேசர் (பழைய றேஸ் பைக் பாணி) செய்கிறோம் என்று ரியர் செட் போட்டு, அதாவது கால்மிதியைப் பின்னுக்குக் கொண்டுபோன கையோடு, கியர் லீவரையும் கழற்றிப் பின்பக்கம் பார்க்கப் பூட்டிவிடுகிறார்கள். கியர் ஒழுங்கு அந்த இடத்திலேயே புரண்டுவிடும். முன்னால் நிற்கிற லீவரை மிதித்தால் என்ஜினிலிருந்து வரும் கியர் சாஃப்ற் ஒரு பக்கம் சுழலும், பின்னால் நிற்பதை மிதித்தால் மற்றப் பக்கம். முதல் கியர் கீழே, மிச்சம் மேலே என்றிருந்தது ஒன்று மேலே, மிச்சம் கீழே ஆகிவிடும்.

றேஸ் ஓடுபவர்கள் இதை வேண்டுமென்றே செய்வார்கள். இடப்பக்கம் நன்றாகச் சரிந்து வளையும்போது லீவருக்கு அடியில் காலை விட இடமிராது. மிதித்துக் கியரை ஏற்றுவது சுகம். ஏ9 வீதியில் நேராக ஓடுகிற பைக்குக்கு இது எதற்கு? 80இல் போகும்போது பழக்கதோசத்தில் லீவரை மேலே தூக்கினால் கியர் இறங்கும், பின்சில்லு இறுகி இழுபடும். வீட்டில் இன்னொரு பைக்கும் ஓடுபவருக்கு ஆபத்து இரட்டிப்பு.

பழைய ஒழுங்கு வேண்டுமென்றால் பெடலையும் சாஃப்ற்றையும் இணைக்கும் கம்பி, அதாவது லிங்க் றொட்தான் வழி. பெடல் தன் அச்சுக்கு முன்னால் நீட்டி நிற்கட்டும். றொட் கொழுவும் குட்டைக் கைகள், சாஃப்ற்றில் உள்ள கையும் பெடலின் கையும் இரண்டும் கீழே, அல்லது இரண்டும் மேலே பார்த்தால் ஒழுங்கு மாறாது. ஒன்று மேலே மற்றது கீழே நின்றால் தலைகீழ். மாற்றுவதற்கு சாஃப்ற்றில் உள்ள கையை 180 பாகை திருப்பிப் பூட்டினால் போதும்; ஆனால் மேலே நிற்கும் கை ஸ்புறொக்கற் (செயின் ஓடும் பற்சில்லு) மூடியிலோ பிறேமிலோ இடிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கழற்ற முன்னர் சாஃப்ற் நுனியிலும் கையிலும் ஒரு புள்ளி குத்திக்கொள்ளுங்கள். கையை இறுக்கும் 6 மில்லிமீற்றர் போல்ட்டை முழுதாக வெளியே எடுக்கவேண்டும். அது சாஃப்ற்றில் உள்ள பள்ளத்துக்குள்ளால் போகிறது, தளர்த்திவிட்டு இழுத்தால் வராது. வரவில்லையே என்று சுத்தியலால் அடிக்காதீர்கள். கையில் உள்ள வெட்டில் திருப்புளியை விட்டு மெல்ல விரித்தால் கழன்றுவிடும்.

இரண்டு கையும் 35 முதல் 40 மில்லிமீற்றர் வரை ஒரே நீளத்தில் இருக்கட்டும். லீவர் சும்மா நிற்கும்போது றொட் இரண்டு கையோடும் 90 பாகையில் நிற்கவேண்டும். றொட்டின் ஒரு முனை இடப்பக்க மரையாக இருந்தால், கழற்றாமலே திருகி உயரம் சரிசெய்யலாம். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கேட்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். எதிலாவது முட்டுகிறது என்று றொட்டை வளைக்க வேண்டாம். வளைந்த றொட் மிதிக்க மிதிக்க நெளியும், கியர் பாதியில் நின்று, எந்தக் கியரிலும் பிடிக்காமல் பொய் நியூற்றல் விழும்.

பின்சில்லைத் தூக்கி, என்ஜினை நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லாக் கியரும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சில்லு சுழலாவிட்டால் உள்ளே பற்கள் பொருந்தாது, நல்ல லிங்கையே பிழையென்று நினைப்பீர்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு லீவர் தானாக நடுவுக்கு வரவேண்டும்.

கையின் உள்பற்கள் தேய்ந்து லீவர் வழுக்கினால் சாஃப்ற்றோடு வெல்டிங் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் ஒயில் சீல் கருகி ஒயில் கசியும்; பிறகு செயின் ஸ்புறொக்கற் மாற்ற மூடியைக்கூடக் கழற்ற முடியாது. புதுக் கை வாங்குவது மலிவு. பண்ணைப் பாலத்தால் தினமும் போய்வருகிறவர்கள் றொட் மூட்டுகளுக்கு அடிக்கடி கிறீஸ் வையுங்கள், உப்புக்காற்றில் அவைதான் முதலில் இறுகும்.