தம்பிக்குப் பனிக்கால டயர்

டொராண்டோவில் இருக்கும் தம்பி நேற்று போனில், "அண்ணே, பனிக்கால டயர் வாங்கணுமா, இருக்கிறதே போதுமா?" என்றான். வாங்கிவிடு என்றேன். மன்னார்குடியில் பனி பெய்யாது, ஆனால் சேறு எங்களுக்குத் தெரியும். சம்பாவுக்குச் சேற்றுழவு ஓட்ட, கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டாமல் டிராக்டரை வயலில் இறக்குவோமா?

7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறைகிறது. பனிக்கால டயர் குளிரிலும் மிருதுவாக இருக்கும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படியே கட்டாயம். நாலு சக்கரத்துக்கும் போடு, முன்னால் மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் வழுக்கும் என்றேன். அத்தனை மாதமும் பழைய டயர் தேயாமல் கிடக்குமே, அதுவும் மிச்சம்தான். சரி, இந்த வாரமே மாட்டுகிறேன் என்றிருக்கிறான்.