கல்லிடை வீட்டு பிராட்பேண்டை முறையாக முடித்துக்கொண்டது எப்படி

கல்லிடைக்குறிச்சியில் அப்பா அம்மா இருந்த வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு எடுத்தது, நான் அங்கிருந்தபடியே வேலை பார்த்த காலத்தில். ஓராண்டு ஒப்பந்தம். லைன் இழுத்துத் தரும் செலவு இலவசம், ஆனால் ஓராண்டுக்குள் நிறுத்தினால் அதை வசூலிப்போம் என்று விண்ணப்பத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். மோடத்துக்கு ஆயிரம் ரூபாய் டெபாசிட். மாதம் 599 ரூபாய்த் திட்டம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து பில்லில் 706 ரூபாய் 82 பைசா வரும். குறை சொல்ல முடியாத இணைப்புதான். மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் எனக்கு வேலை பாளையங்கோட்டையில் அமைந்தது. அப்பா அம்மாவையும் இங்கேயே அழைத்து வந்துவிட்டேன். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு நெட் எதற்கு?

முதலில் எங்கள் தெருவுக்கு லைன் பார்க்கிற தம்பியிடம்தான் கேட்டேன். “அதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாங்க்கா. பணம் கட்டாம விட்ருங்க, தானா நின்னுரும்” என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான், ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது ப்ரீபெய்டு இணைப்புக்கு மட்டும் சரி. முன்பணம் தீர்ந்தால் லைன் நிற்கும், கணக்கும் அங்கேயே நிற்கும். எங்களுடையது போஸ்ட்பெய்டு. அதில் பணம் கட்டாமல் விட்டால் முதலில் நிற்பது நெட் மட்டுமே. நாம் நிறுத்தச் சொல்லாதவரை கணக்கு திறந்தே இருக்கும், வாடகை ஏறும், தாமதக் கட்டணம் சேரும், ஒரு நாள் வசூல் ஆள் போன் செய்வார். ஒப்பந்தம் முடிந்தால் இணைப்பும் முடிந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஒப்பந்தக் காலம் என்பது அதற்கு முன்னால் விலகினால் அபராதம் என்பதற்கான எல்லை, அவ்வளவுதான். அது தாண்டியதும் இணைப்பு மாதக் கணக்கில் தானாக ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பழைய பில் ஒன்றை எடுத்து, போஸ்ட்பெய்டா ப்ரீபெய்டா, பில் சுழற்சி எந்தத் தேதியில் முடிகிறது, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நெட்டை விடப் பெரிய விஷயமாக இருந்தது அதோடு வந்த லேண்ட்லைன். 04634 என்று தொடங்கும் அந்த எண்ணை அப்பா சொந்தபந்தம் எல்லோருக்கும் கொடுத்திருந்தார். கேஸ் ஏஜென்சியிலும் வங்கியிலும் அதுதான் பதிவாகியிருந்தது. மொபைல் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வது போல லேண்ட்லைன் எண்ணை எடுத்துப்போக முடியாது. இணைப்பு போனால் எண்ணும் போய்விடும். அதனால் அந்த இடங்களில் எல்லாம் எண்ணை மாற்றிய பிறகே நிறுத்தச் சொல்லி எழுதினேன். அப்பா தன் டயரியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புது நம்பர் சொன்னார். அதற்கே ஒரு வாரம் போல ஆனது.

கஸ்டமர் கேரில் நிறுத்த வேண்டும் என்று சொன்னதும் பேச்சு மாறிவிடுகிறது. மூன்று மாதம் பாதி விலை என்றார்கள். வேண்டாம் என்றேன். சரி, ‘சேஃப் கஸ்டடி’யில் போடுகிறோம், கொஞ்ச காலம் லைனை நிறுத்தி வைத்துவிட்டு வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். வெளியூர் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு அது உதவும். எங்களுக்குத் தேவையில்லை. அதுவும் கணக்கை மூடுவது ஆகாது, காலக்கெடு முடிந்ததும் வாடகை மறுபடி தொடங்கிவிடும். “எனக்கு நிரந்தரமாக மூட வேண்டும், டாக்கெட் நம்பர் கொடுங்கள்” என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். டாக்கெட் நம்பர் என்பது நம் கோரிக்கையைப் பதிந்ததற்கான எண். இதில் கோபப்படத் தேவையே இல்லை. காரணம் கேட்டால் வீட்டைக் காலி செய்கிறோம் என்றால் போதும். அதற்கு மேல் அவர்களிடம் சலுகை எதுவும் இருக்காது.

போனில் சொன்னதை அன்றைக்கே மெயிலிலும் அனுப்பினேன். வாடிக்கையாளர் எண், பதிவு செய்த மொபைல் எண், லேண்ட்லைன் எண், விலாசம், எந்தத் தேதியோடு மூட வேண்டும், டெபாசிட் தொகை, அதைத் திருப்பிப் போட வேண்டிய வங்கிக் கணக்கு, மோடத்தின் சீரியல் எண், போனில் வாங்கிய டாக்கெட் எண். பதிவு செய்த மெயிலிலிருந்தே அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அடையாளம் சரியில்லை என்று தள்ளிவிடுவார்கள். மூடச் சொல்லிக் கேட்டால் 7 நாளுக்குள் மூட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருக்கும் சேவைத் தரம். அதையும் பணிவாக ஒரு வரியில் சேர்த்தேன்.

அப்புறம் ஆட்டோபே. யுபிஐ செயலியில் அந்த அனுமதியை நாமே ரத்து செய்யலாம், நிறுவனத்தைக் கேட்க வேண்டியதில்லை. மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்பே நமக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்பா அந்தச் செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துக்கொண்டே இருந்திருக்கிறார்! ரத்து செய்தாலும் கடைசி பில் நம் பொறுப்புதான். அதைக் கையால் கட்டி ரசீதை எடுத்து வைத்தேன்.

இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டியது பெட்டி விஷயத்தில். மோடம் நிறுவனத்தின் சொத்து. திரும்ப வந்ததாக அவர்கள் கணக்கில் ஏறாவிட்டால் அதன் விலையை நம் தலையில் கட்டுவார்கள். எடுத்துப்போக வந்தவர் வேறொரு தம்பி, வயது இருபதுக்கு மேல் இருக்காது. பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றியதும் கிளம்பப் பார்த்தார். ரசீது கேட்டேன். “ஆபீஸ்ல ஏத்திருவாங்கக்கா, உங்களுக்கு மெசேஜ் வரும்” என்றார். பூட்டிய வீட்டைத் திறக்க என்னோடு வந்திருந்த அம்மா, “எழுதிக் குடுக்காம தராதட்டீ” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். நான் முன்பே வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதி வைத்திருந்தேன். பெட்டியைக் கவிழ்த்து, பின்புற ஸ்டிக்கரில் இருந்த சீரியல் எண்ணை அவர் வாசிக்க வாசிக்கத் தாளில் இருந்ததோடு சரிபார்த்தோம். அடாப்டர் ஒன்று, ஃபைபர் ஒயர் ஒன்று, எல்லாம் நல்ல நிலையில் என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு, தன் ஊழியர் எண்ணோடு கையெழுத்துப் போட்டார். பெட்டியையும் தாளையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தேன். அந்தத் தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை, ஒரு நாளைக்கு எத்தனையோ வீடு ஏறி இறங்குகிற ஒப்பந்தத் தொழிலாளி. ரசீது புத்தகம் கொடுத்து அனுப்ப வேண்டியது நிறுவனம்.

அந்தத் தாள்தான் காப்பாற்றியது. அடுத்த மாதம் மறுபடி 706 ரூபாய்க்கு ஒரு பில் வந்தது, கூடவே மோடத்தைத் திருப்பித் தராததற்கு என்று தனியாக ஒரு தொகை. டெபாசிட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. வசூலுக்குப் பேசியவர், கட்டாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்றார். அப்பா பதறிப்போய், “ஆயிரம் ரெண்டாயிரம்தானே, கட்டித் தொலைச்சிருவோம்” என்றார். வயதானவர்கள் இந்த மாதிரி போனுக்குத்தான் பயந்து கட்டுகிறார்கள், எனக்கு வந்த கோபமெல்லாம் அதனால்தான். கட்ட மாட்டேன் என்று முடிவெடுத்து, கையெழுத்துப் போட்ட தாள், போட்டோ, முதல் மெயில், கடைசி பில் ரசீது எல்லாவற்றையும் சேர்த்துப் புதிய புகார் பதிந்தேன். புது டாக்கெட் எண் வந்தது. சில நாளில் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது, பில் அப்படியே இருந்தது.

பலரும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனத்திலும் புகார் மையத்துக்கு மேலே மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. புகாருக்கான பதில் திருப்தியில்லை என்றால் அவரிடம் போகலாம். கட்டணம் கிடையாது; மெயிலே போதும். 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். விலாசம் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கும், தேடித்தான் எடுக்க வேண்டும். கதையெல்லாம் எழுதாமல் தேதி வாரியாக அரைப் பக்கத்தில் நடந்ததை எழுதி, கேட்பது மூன்று என்று முடித்தேன்: பில்லை ரத்து செய்யுங்கள், டெபாசிட்டைத் திருப்பித் தாருங்கள், பாக்கி இல்லை என்று எழுத்தில் கொடுங்கள். கெடுவுக்குள் பதில் வந்தது. இரண்டு தொகையும் நீக்கப்பட்டன, டெபாசிட் அப்பா கணக்கில் ஏறியது. பாக்கி இல்லை என்ற மெயிலுக்கு மட்டும் இன்னொரு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

அங்கேயும் நடக்காமல் போயிருந்தால் என்ன செய்வது என்றும் விசாரித்து வைத்திருந்தேன். டிராய் தனி நபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை, அதனால் அங்கே எழுதிக் காத்திருந்து பயனில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், நமக்குத் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. தொலைத்தொடர்பு வழக்கெல்லாம் அங்கே வராது என்று யாராவது சொன்னால், வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்று தாராளமாகச் சொல்லுங்கள்.