வெண்ணாற்றில் போன கீச்சுச் செருப்பு

ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்து, தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கேயும் திறந்துவிட்ட மறுவாரம். பிள்ளைகளுக்குக் கல்லணையைக் காட்டியே தீருவது என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். தஞ்சாவூரிலேயே இருந்துகொண்டு கல்லணை பார்க்காத பிள்ளைகளா என்று அவருக்கு அது மானப் பிரச்சினை. புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத்துணி, மாமனார், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திருக்காட்டுப்பள்ளி வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

பாலத்தின் மேல் நிறுத்தி வகுப்பு ஆரம்பமானது. கரிகாலன், இரண்டாயிரம் வருஷம், ஓடுகிற தண்ணீரில் பாறையைப் போட்டு, அது மணலில் புதையப் புதைய மேலே அடுக்கின கதை, எல்லாம் சொன்னார். இரண்டாவது படிக்கும் பெரியவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரிகாலன்கிட்ட ஜேசிபி இருந்துச்சா?" என்றான். இல்லை என்றதும் கரிகாலன் மேல் இருந்த ஆர்வமே போய்விட்டது.

இவர் விடவில்லை. "இங்கதான் காவேரி நாலாப் பிரியுது. கொள்ளிடம், காவேரி, வெண்ணாறு, புது ஆறு..."

நாலு வயசு பாப்பா கம்பி இடுக்கில் காலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். நடந்தால் கீச் கீச் என்று கத்துமே, அந்த ரோஸ் கலர் செருப்பு. வலது காலில் இருந்தது கழன்று விழுந்தது. ஷட்டரில் இருந்து பாயும் நுரையில் ஒரு முங்கு முங்கி, மேலே வந்து, நிமிர்ந்தபடியே போனது. அழப்போகிறாள் என்று நான் மாங்காய் பத்தைக்காரரைத் தேட, அவள் கேட்டாள்:

"அப்பா, என் செருப்பு எந்த ஆத்துல போகுது?"

அவ்வளவு நேரம் பாடம் நடத்திய மனிதர் திருதிருவென்று விழித்தார்.

மாமனார் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டர் ஏற்றி இறக்கியே கை காய்த்தவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இது வெண்ணாறும்மா. நேரா தென்பெரம்பூர் போகும். அங்க வெட்டாறு பிரியும். அதுல திரும்பிட்டா நாகூர் கிட்ட கடல்தான். திரும்பாமப் போனா நீடாமங்கலம்."

"அத்தை ஊரு!"

உடனே நாத்தனாருக்கு போன். "அத்தை, என் செருப்பு வருது, புடிச்சு வை." அவளும் சளைத்தவள் இல்லை, "சரிடி தங்கம், இப்பவே வாளியோட போறேன்" என்றாள். மாமனார் போனைப் பிடுங்கினார். "வெறுமனே படித்துறையில நிக்காத. மூணாறு தலைப்புக்குப் போயிடு. அங்க கோரையாறு, பாமனியாறுன்னு பிரிஞ்சிடும், அப்புறம் எதுல போச்சுன்னு தேட முடியாது." விளையாட்டுக்குச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அப்புறம் யானை மேல் இருக்கும் கரிகாலனைப் பார்த்தோம், பொரித்த மீன் சாப்பிட்டோம், பெரியவன் முள் மாட்டிக்கொண்டு ஒரு உருண்டை வெறுஞ்சோறு கேட்டான், இருந்ததோ புளிசாதம். செருப்பைக் கழற்று என்றால் பாப்பா கேட்கவில்லை. வண்டி நிறுத்திய இடம் வரை கீச்... அமைதி... கீச்... அமைதி. எதிரில் வந்தவர்களெல்லாம் அவள் காலைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் நாத்தனார் வந்தாள், பையில் புது ஜோடியோடு. அதே ரோஸ். ஒரு சைஸ் பெரிசு.

"பெரிசா இருக்கே?" என்றான் பெரியவன்.

"தண்ணியில ஊறிப்போச்சுடா" என்றாள் பாப்பா, சந்தேகமே இல்லாமல். போட்டு நாலு அடி நடந்து பார்த்தவள் சட்டென்று நின்று, இடது கால் செருப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"நான் ஒண்ணுதானே விட்டேன்? இது வேற பாப்பாவோடது. ஆத்துலயே விட்டுட்டு வா."