சாவுக்குப் பயந்த வில்லன்கள்

நவம்பர் 3, 2024, ஞாயிறு

ஹாரி பாட்டர் ஏழாம் புத்தகத்தை மறுபடி எடுத்திருக்கிறேன். கோட்ரிக்ஸ் ஹாலோ கல்லறைத் தோட்டம் வரும் இடத்தைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. ஹாரியின் அப்பா அம்மா கல்லறையில் 'பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்' என்ற பைபிள் வசனம் பொறித்திருக்கிறது. படித்ததும் ஹாரி திடுக்கிடுகிறான், இது வில்லன் வால்டமார்ட் கூட்டத்தின் எண்ணமாயிற்றே, இங்கே எப்படி வந்தது என்று. தோழி ஹெர்மயனி பொறுமையாக வேறு அர்த்தம் சொல்கிறாள். ஆனாலும் அவனுக்கு அது ஆறவில்லை. அவர்கள் மண்ணுக்குள் கிடக்கிறார்கள், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிகிறது, அழுகிறான். எழுத்தாளர் ரௌலிங் அவனை அழ விட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தக் கதையை எழுதத் தொடங்கிய 1990ஆம் ஆண்டின் கடைசியில்தான் அவருடைய அம்மா 45 வயதில் இறந்துபோனார்.

மரணத்தை வெல்வது என்ற அதே ஆசையை வால்டமார்ட் எப்படி நிறைவேற்றிக்கொள்கிறான்? ஆன்மாவைத் துண்டு துண்டாகக் கிழித்துப் பொருட்களில் ஒளிக்கிறான். அப்படி ஆன்மாவை ஒளிக்கும் பொருளுக்கு ஹார்க்ரக்ஸ் என்று பெயர், ஒன்று செய்ய ஒரு கொலை வேண்டும். தான் சாகாமல் இருக்க இன்னொருவர் சாக வேண்டும் என்பதை மந்திரத்தின் விதியாகவே வைத்துவிட்டார் ரௌலிங். அவன் ஏன் இவ்வளவு கொடூரமானவன் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

அப்படியானால் நீண்ட நாள் வாழ ஆசைப்படுவதே தப்பா? இல்லை. முதல் புத்தகத்தில் நிக்கலஸ் ஃப்ளமெல் இருக்கிறாரே, 665 வயது. அவ்வளவு ஆயுள் கொடுத்த மந்திரக் கல்லை அழிக்க வேண்டும் என்றதும் சம்மதித்துவிடுகிறார், மனைவியும்தான். அவர்களை யாரும் வில்லன் என்று சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய ஆயுளுக்கு வேறு யாரும் விலை கொடுக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று முழுக்க 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன். அவர் கற்பனை செய்த நூமெனார் தீவின் வீழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். அங்கே இருந்தவர்களுக்கு மற்ற மனிதர்களைவிடப் பல மடங்கு ஆயுள் இருந்தது, ஆனால் எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவுக்கு இன்னும் வேண்டும் என்ற தவிப்பும் வளர்ந்தது. அந்த வழி வந்த அரசர்கள் உயிரோடு இருப்பவர்களின் வீடுகளைவிடக் கல்லறைகளை அழகாகக் கட்டினார்கள். கடைசியில் ஆர்-ஃபராசோன், முதுமை நெருங்கிவிட்ட அரசன், வில்லன் சௌரோனின் பேச்சைக் கேட்டு சாவில்லாதவர்களின் நிலத்தின் மேல் படையெடுத்துப் போகிறான், தீவே கடலுக்குள் போய்விடுகிறது. அந்த வேலைக்கு சௌரோனுக்குப் படைகூடத் தேவைப்படவில்லை, ஒரு கிழவனின் பயம் போதுமாயிருந்தது. சௌரோனின் மந்திர மோதிரம் வாங்கிய ஒன்பது மனிதர்களும் அப்படித்தான், சாகவில்லை, ஆனால் வாழவும் இல்லை, தேய்ந்து தேய்ந்து நிழலாகிப் போனார்கள்.

தன் கதையின் மையம் அதிகாரம் அல்ல, மரணமும் சாவின்மையும்தான் என்று டோல்கீனே கடிதங்களில் எழுதியிருக்கிறார். முதல் உலகப் போரில், 1916இல் சோம் போர்க்களத்தில் இருந்தவர். 1918க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் இறந்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர் தன் கதையில் மரணத்தை மனிதனுக்குக் கிடைத்த பரிசு என்று எழுதினால், சும்மா எழுதியிருக்க மாட்டார். அதனால்தான் அரசன் அரகோர்னுக்காகச் சாவில்லாத வாழ்வை விட்டுக்கொடுத்த ஆர்வெனையும் எழுதினார். அரகோர்ன் 210 வயதில் தானாகவே உயிரை விடத் தயாராகிறான், அவள் இருக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள், இதுதான் பரிசு என்றால் வாங்கிக்கொள்ளக் கசக்கிறதே என்கிறாள். அவளுக்கு அங்கே முழு ஆறுதல் கிடைப்பதில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

டோல்கீன் கதையில் வரும் ஆட்சியாளன் டெனதோர் இந்தக் கணக்கில் அடங்க மாட்டேன் என்கிறான். அவனுக்குச் சாவு பயமே இல்லை, சிதை அடுக்கச் சொல்லித் தானே ஏறுகிறான். ஆனால் உயிரோடு இருக்கும் மகன் ஃபராமிரையும் கூடவே எரிக்கப் பார்க்கிறான். ஆக, சாவுக்குப் பயப்படாதவன் நாயகன் என்று சொல்லிவிட முடியாது. ஹாரி காட்டுக்குள் வால்டமார்ட்டிடம் தன்னை ஒப்புக்கொடுக்கப் போகும்போது நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் போகிறான், தவறிப்போனால் வால்டமார்ட்டின் பாம்பைக் கொல்ல வேண்டும் என்று சக மாணவன் நெவிலிடம் மட்டும் சொல்லிவிட்டு. தன் சாவைத் தன்னோடு வைத்துக்கொள்கிறான், மிச்சம் இருப்பவர்கள் பிழைக்க வேண்டும் என்று நினைக்கிறான். டெனதோருக்குத் தான் போனபிறகு உலகம் இருக்கக் கூடாது. எனக்கு வித்தியாசம் அங்கேதான் தெரிகிறது.

நவம்பர் 17, ஞாயிறு

எர்த்ஸீ கதைகளை எழுதிய லெ குவினிடம் வந்தாயிற்று, இந்த விஷயத்தில் இவர்தான் எல்லாரையும்விட ஆழமாகப் போனவர் என்பது என் எண்ணம். 1972இல் வந்த எர்த்ஸீ மூன்றாம் புத்தகத்தில் கோப் என்ற மந்திரவாதி சாகாமல் இருக்க வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே ஒரு கதவைத் திறந்துவிடுகிறான். அந்த ஓட்டை வழியாக உலகத்தின் சாரமே வடிகிறது, மந்திரவாதிகள் மந்திரத்தை மறக்கிறார்கள், பாடகர்கள் பாட்டை மறக்கிறார்கள். இன்னொரு மந்திரவாதியான கெட் அதை அடைக்கத் தன் சக்தி முழுவதையும் கொடுத்துவிடுகிறான். நாயகன் வென்றான், சரி.

ஆனால் லெ குவின் அதோடு விடவில்லை. அந்தச் செத்தவர்களின் நாடு, வறண்டு, அன்பு மறந்து, தெருவில் எதிர்ப்பட்டாலும் ஒருவரையொருவர் அடையாளம் காணாத இடம், அது அவரை உறுத்தியிருக்க வேண்டும். 2001இல் வந்த கடைசி எர்த்ஸீ நாவலில் திரும்பப் போகிறார். அந்த நாடே இயற்கையானது அல்ல, எப்போதும் இருந்துகொண்டே இருக்க ஆசைப்பட்ட பழைய மந்திரவாதிகள் அபகரித்து வேலி போட்ட இடம் என்று தெரிகிறது. வேலிச்சுவரை இருப்பவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து இடிக்கிறார்கள், அடைபட்டிருந்தவர்கள் விடுதலையாகிப் போகிறார்கள். கோப்புக்கு வந்த ஆசை அந்த மூத்தவர்களுக்கும் வந்ததுதான், அவர்களை ஊரே மதித்தது, இவனை வில்லன் என்றது. மூன்றாம் புத்தகத்தோடு நிறுத்திவிட்டவர்கள் தயவுசெய்து இதையும் தேடிப் படியுங்கள்.