நைரோபி: சிங்கத்துக்குப் பின்னால் அடுக்குமாடி

கென்யா போகிறவர்கள் நைரோபியை ஒரு ராத்திரி தூங்கி எழுந்து மசாய் மாரா சரணாலயத்துக்கு வண்டி ஏறும் இடமாகத்தான் வைத்திருக்கிறார்கள். மாரா முகாம்களின் வாடகையைப் பார்த்ததுமே நான் அந்த ஆசைக்கு முழுக்குப் போட்டுவிட்டேன். ஊரை ஒட்டியே ஒரு காடு இருக்கிறதே, அதைப் பார்ப்போம் என்று கிளம்பினேன். வந்ததிலிருந்து அதே பேச்சாக இருக்கிறேன், வீட்டில் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். செலவுக் கணக்கை வரிசையாக எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். வரிசையாக வருமா என்று சந்தேகம்தான்.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக 34ஆம் நம்பர் வண்டி இருக்கிறது. இருட்டில் பெட்டியோடு அதில் ஏற வேண்டாம் என்றார்கள் என்று டாக்சி பிடித்தேன். பேசிய தொகை ஒன்று. இறங்கும்போது டோலுக்குத் தனி, பெட்டிக்குத் தனி, டிராஃபிக்குக்குத் தனி! 2022-ல் திறந்த எக்ஸ்பிரஸ்வேயில் காசு கட்டி ஏறி வழுக்கிக்கொண்டு வந்தோம், டிராஃபிக் எங்கேயப்பா இருந்தது என்றேன். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். விடுதி வாட்ச்மேன் வந்து சுவாஹிலியில் நாலு வார்த்தை போட்ட பிறகுதான் டோலோடு நின்றது. ஏறும் முன்பே "எல்லாம் சேர்த்துத்தானே?" என்று கேட்டுவிடுங்கள்.

மறுநாளிலிருந்து மட்டாட்டுதான். நம்மூர் மினிபஸ்ஸுக்கு மேக்கப் போட்டு, உள்ளே ஒரு டிஸ்கோவை ஏற்றினால் அதுதான் மட்டாட்டு. லங்காட்டா சாலை வழியாக ரொங்காய் போகும் 125, 126 வண்டிகள் இதில் உச்சம். பக்கவாட்டில் கால்பந்து வீரர், பின்னால் ராப் பாடகர், கூரையில் ஊதா விளக்கு. பாட்டுச் சத்தத்தில் சீட் கம்பி அதிர்வது முழங்காலில் தெரிந்தது. கண்டக்டர் ஓடும் வண்டியின் வாசலில் ஒற்றைக் கையால் தொங்கியபடி தகரத்தைத் தட்டுவார்: ஒரு தட்டு நிற்க, இரண்டு தட்டு போக. மழை வந்தால் கட்டணம் ஏறிவிடும், அதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. ஆனாலும் டாக்சியோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லோரும் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவையில் போனைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2007-லேயே தொடங்கிவிட்டார்கள் இதை.

ஊருக்குள் கென்யாட்டா மாநாட்டு மையத்தின் மொட்டைமாடிக்கு ஏறலாம், காற்று நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ரயில்வே அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். இந்த ஊர் பிறந்ததே 1899-ல் ரயில் பாதைக்காக ஒரு சதுப்பு நிலத்தில் போட்ட கூடாரங்களில்தான். பாதை போட 30,000-க்கும் மேற்பட்ட இந்தியக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். அங்கே ஒரு பழைய ரயில் பெட்டி நிற்கிறது. 1900-ல் கீமா என்ற நிலையத்தில் ஆட்கொல்லிச் சிங்கத்தைச் சுட இதற்குள் காத்திருந்த சார்லஸ் ரைல் என்ற போலீஸ் அதிகாரி கண்ணயர்ந்துவிட்டார். சிங்கம் உள்ளே வந்து அவரை ஜன்னல் வழியாக இழுத்துப் போய்விட்டது. நான் அந்த ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். சின்ன ஜன்னல்தான்.

அந்தக் கதைக்குப் பிறகு இறைச்சி சாப்பிடப் போனது கொஞ்சம் கொடூரம்தான். கென்யாட்டா மார்க்கெட்டில் ஒரு வரிசையில் பெண்கள் உட்கார்ந்து தலைமுடி பின்னிக்கொள்கிறார்கள், அடுத்த வரிசையில் ஆட்டுத்தொடை கரியில் வேகிறது. இதுதான் ஞாமா சோமா. கிலோ கணக்கில் வாங்க வேண்டும். மசாலா கிடையாது, உப்பு மட்டும். மரப்பலகையில் வைத்துக் கண்ணெதிரே வெட்டி, ஓரத்தில் ஒரு குவியல் உப்பு, தக்காளி வெங்காயம் கலந்த கச்சும்பரி, வெள்ளை உகாலி, அதாவது மக்காச்சோள மாவுக் களி. விலா எலும்பின் ஓரக் கொழுப்பு மொறுமொறுவென்று கருகியிருந்தது. அதை உப்பில் தொட்டு வாயில் போட்டபோது, இத்தனை வருடம் கறியை மசாலாவில் மூழ்கடித்தது எதற்கு என்று தோன்றியது. உகாலி எனக்குப் பிடிக்கவில்லை, வாயில் சப்பென்று நிற்கிறது. மிச்சத்துக்குச் சப்பாத்தி வாங்கிக்கொண்டேன்.

இனி காடு. நைரோபி தேசியப் பூங்கா, 1946-ல் வந்த கென்யாவின் முதல் தேசியப் பூங்கா, 117 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கம் வேலி, தெற்கே திறந்த சமவெளி. வெளிநாட்டுக்காரர்களுக்கு டாலரில் கட்டணம், உள்ளூர்க்காரர்கள் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. அது நியாயம்தான், ஆனால் பர்ஸுக்கு வலிக்கும். விடுதியில் இன்னும் மூன்று பேரைச் சேர்த்து, கூரை திறக்கும் வேனைப் பகிர்ந்துகொண்டோம். காலை 6 மணிக்கு வாசலில் இருங்கள். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று யார் சொன்னது? ஊட்டியில் முக்கால்வாசி உயரமாவது ஏறி நிற்கும் ஊர் இது, ஜூலையில் பல் கிட்டுகிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது, 2020-லிருந்து தடை.

உள்ளே போய் அரைமணிகூட ஆகவில்லை, டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். பாதை நடுவில் ஒரு பெண் சிங்கம். பனியில் நனைந்து முன்னங்கால் மயிர் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தது, காதில் பழைய கிழிசல். எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அதன் முதுகுக்குப் பின்னால், மூட்டத்தில், நகரத்துக் கட்டடங்கள்! அங்கே யாரோ ஆபீஸ் லிஃப்டுக்குக் காத்திருப்பார்கள், இங்கே இது கொட்டாவி விடுகிறது. காண்டாமிருகமும் கிடைத்தது, முதுகில் பறவைகளோடு. யானைக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள், இந்தக் காட்டில் இல்லை. தாயில்லாத குட்டிகளை வளர்க்கும் ஷெல்ட்ரிக் காப்பகத்தில் பார்க்கலாம், 11 மணிக்கு ஒரே ஒரு மணி நேரம், முன்பதிவு கட்டாயம்.

சாம்பல் மேடு ஒன்றில் வண்டியை நிறுத்தினார்கள். 1989-ல் அதிபர் மோய் 12 டன் தந்தத்தை எரித்த இடம். 2016-ல் இந்தப் பூங்காவிலேயே 105 டன்னைக் கொளுத்தினார்கள். விற்றால் எவ்வளவு வரும் என்று என் கஞ்ச மூளை கணக்குப் போட்டது உண்மை. ஆனால் விற்கும் வரை வேட்டை நிற்காது என்று டிரைவர் பட்டென்று சொன்னார், பதில் பேச முடியவில்லை. அதே பூங்காவின் குறுக்கே இப்போது ரயில் பாலம் ஓடுகிறது. ஒட்டகச்சிவிங்கி போகட்டும் என்று தூண்களை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் எனக்கு அது கண்ணை உறுத்தியது.

கணக்கு எழுத இடமே இல்லாமல் போய்விட்டது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மஞ்சள் காய்ச்சல் ஊசி. சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் கிளம்புவதற்கு 10 நாள் முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனிமையில் அடைத்துவிடுவார்கள்.