பத்துக்குப் பத்து ரூமும் வில்லுப்பாட்டுக் குடமும்

மாடியில பாட்டு கேக்கதுக்குன்னே ஒரு ரூம் கட்டுனேன், 10க்கு 10, உயரமும் 10 அடி. கொத்தனாரு அண்ணாச்சி "சதுரமா இருந்தாத்தான் லெச்சணமா இருக்கும் தம்பி"ன்னாவ, நானும் சரின்னுட்டேன்.

எங்க ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுல நானே ரெக்கார்ட் பண்ணுன வில்லுப்பாட்டதான் மொதல்ல போட்டேன். குடத்து அடி "தொம்"முன்னு முடியாம "தூம்ம்ம்"முன்னு இழுத்துக்கிட்டே கெடக்கு, அடுத்த அடி அதுக்குள்ள முங்கிப் போவுது, உடுக்கை சத்தத்தத் தேட வேண்டியிருக்கு. பத்தமடைப் பாயச் செவுத்துல தொங்கவிட்டேன், கனமா திரை போட்டேன், முட்டை அட்டை கூட ஒட்டுனேன். ஜால்ரா கொஞ்சம் மங்குச்சு, குடம் அசையவே இல்ல.

கொடைக்கெல்லாம் சவுண்ட் சர்வீஸ் போடுத மச்சான் ஒருத்தன் வந்து கேட்டான். "ஏலே, ஸ்பீக்கர்ல ஒண்ணுமில்ல, அளக்குத டேப்ப எடு"ன்னான். நம்ம ஊர் சூட்டுக்கு சத்தம் நொடிக்கு சுமாரா 350 மீட்டர், அதாவது 1150 அடி போவுது. செவுத்துக்குப் போயித் திரும்பி வரணும்லா, அதனால அதுல பாதி 575அ ரூம் அளவு அடியால வகுத்தா அந்த ரூம் எந்த ஹெர்ட்ஸ்ல (நொடிக்கு எத்தன அதிர்வுல) மொதல்ல முழங்கும்னு வந்துரும். என் ரூமுக்கு நீளம் சுமாரா 57, அகலம் 57, உயரமும் 57! அந்த அலையோட நீளம் 20 அடி, செவுத்துல மோதித் திரும்பி வாரதும் சரியா 20 அடி, மூணு பக்கமும் அதே 57லயே சத்தத்த ஏத்திவிடுது. இவ்வளவு பெரிய அலைய ஒரு பாய் என்ன செய்யும்?

போன்ல இருந்து 57 ஹெர்ட்ஸ் மட்டும் ஸ்பீக்கர்ல விட்டோம். செவுத்தோரம் நின்னா காதடைக்கு, கதவுத் தாப்பா கடகடன்னு ஆடுது. நடுவுல நாற்காலி போட்டு உக்காந்தா பேஸ் (கனத்த அடிச்சத்தம்) பாதிக்கு மேல காணோம். ஒரே ரூம், அஞ்சடி வித்தியாசந்தான்.

செவுத்த இடிக்க முடியுமா? எல்லாத்தையும் கீழ பட்டாசலுக்கு (கூடத்துக்கு) எறக்குனேன். அது 17க்கு 12, உயரம் 10. கணக்குப் போட்டா 34, 48, 57ன்னு பிரிஞ்சு நிக்கி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறல. ஸ்பீக்கர குறுக்குச் செவுத்துல வச்சு, அப்பாவோட சாய்வு நாற்காலியப் பின் செவுத்துல இருந்து 6 அடி முன்னால இழுத்துப் போட்டேன், அதுக்கு மட்டும் ரெண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்துச்சு.

இப்ப குடத்து வாயில அடிக்க அடியும் வயித்துல தட்டுத தட்டும் தனித்தனியா கேக்கு. மூலையில மட்டும் இன்னும் லேசா உறுமுது. கல்நார்ப் பஞ்சு இல்ல, ராக்வூல்தான் (பாறைய உருக்கி இழைச்ச பஞ்சு) வாங்கி, அரை அடிக்குக் கொறையாத கனத்துல ரெண்டு மூலையிலயும் தரையில இருந்து மேல வர நிறுத்தணும்.